மெழுகுதிரி எதற்கு? கிறிஸ்தவ நம்பிக்கையில் ஒளி

கிறிஸ்தவர்கள் விளக்கைக் கும்பிடுகிறார்களா? இல்லை. அப்படியானால் கோவிலுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதற்கு இத்தனை திரி? ராமேஸ்வரம் தீவில் எங்களோடு ஒன்றாகப் படித்து வளர்ந்த இந்து, முஸ்லிம் நண்பர்கள் இதை ஏதாவது ஒரு வயதில் கேட்காமல் இருந்ததில்லை. சாமியாரிடம் (பாதிரியாரிடம்) கேட்டால் பதில் ஒரு மணி நேரம் போகும். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையிடம் கேட்டால் "அது வழக்கம்" என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். நடுவில் ஒரு விளக்கம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் என்று எங்கள் கரையில் எந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்குள் போனாலும் பெரும்பாலும் மூன்று வெளிச்சங்களைப் பார்க்கலாம். சுரூபத்துக்கு (புனிதர் சிலைக்கு) முன்னால் மணல் பரப்பிய தட்டில் ஆளுக்கொன்றாக ஊன்றிவிட்டுப் போன மெழுகுதிரிகள். கடற்காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக உருகிச் சாய்ந்திருக்கும். பீடத்தருகே உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு. இன்னும் உள்ளே, பூசையில் அர்ச்சித்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில், இரவும் பகலும் எரிகிற சின்ன சிவப்பு விளக்கு. இவற்றில் எதைப் பார்த்தும் யாரும் வேண்டுவதில்லை. சிவப்பு விளக்கு, ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்பதற்கான அடையாளம். தட்டில் எரிகிற திரி, வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போகிறவர் தன் பேரில் விட்டுப் போவது. பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனால் இந்த மூன்றுமே இருக்காது. ஒளியைப் பற்றிய பாட்டும் பிரசங்கமும் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். ஆக, திரி இல்லாமலும் இந்த நம்பிக்கை நிற்கும். திரிக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி.

படைத்தவரா, ஒளியேவா?

விவிலியத்தின் முதல் பக்கத்திலேயே ஒளி வந்துவிடுகிறது. தொடக்க நூலில் கடவுள் வாய் திறந்து சொல்லும் முதல் வார்த்தையே "ஒளி தோன்றுக!" என்பதுதான். மறைக்கல்வி வகுப்பில் துடுக்கான பிள்ளை ஒன்று உடனே கையைத் தூக்கும்: சூரியனும் நிலாவும் நாலாம் நாள்தானே வருகின்றன, முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி. எழுதியவர்கள் கவனக்குறைவாக அப்படி எழுதிவிடவில்லை. அன்றைக்கு எகிப்திலும் பாபிலோனிலும் சூரியனும் நிலாவும் தெய்வங்கள். இந்தப் பக்கத்தை எழுதியவர்களோ அவற்றை நாலாம் நாளுக்குத் தள்ளினார்கள். பெயரைக்கூடச் சொல்லவில்லை. பகலுக்கு ஒரு பெரிய விளக்கு, இரவுக்கு ஒரு சிறிய விளக்கு, அவ்வளவுதான். விளக்கு என்றால் அதை ஏற்றியவர் வேறு ஒருவர். கண்ணுக்குத் தெரிகிற எந்த வெளிச்சமும் கடவுள் அல்ல, அது படைக்கப்பட்ட பொருள் என்பது இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தீர்ந்தது என்று நினைத்தால், புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் யோவானின் முதல் திருமுகம், அதாவது கடிதம், "கடவுள் ஒளியாய் இருக்கிறார்" என்கிறது. அவரிடம் இருள் என்பதே இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் அவர் ஒளியைப் படைத்தவரா, ஒளியேவா? புதிதாக வாசிக்கிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சிக்கை அவிழ்க்க அந்தத் திருமுகத்தையே இன்னும் நாலு வரி வாசித்தால் போதும். கடவுளோடு உறவு உண்டு என்று சொல்லிக்கொண்டு இருளில் நடப்பவர் பொய்யர் என்கிறார் யோவான். அடுத்த அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாக, ஒளியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கூடப்பிறந்தவரை வெறுக்கிறவர் இன்னும் இருளில்தான் இருக்கிறார் என்கிறார். தகதகப்பு, பிரகாசம், கண் கூசுதல் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஒளிவுமறைவு இல்லாத உண்மையைப் பற்றித்தான் பேசுகிறார். கடவுளிடம் ஒரு முகம் வெளியே, ஒரு முகம் உள்ளே என்று கிடையாது. அவர் முன்னால் நிற்கிறவருக்கும் அது முடியாது.

திருப்பாடல்கள் நூலின் 36ஆம் பாடல் இதையே வேறொரு பக்கமிருந்து சொல்கிறது: வாழ்வின் ஊற்று உம்மிடம் இருக்கிறது, உமது ஒளியில்தான் நாங்கள் ஒளியைக் காண்கிறோம். நான் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இந்த வரியைத்தான் சொல்வேன். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஒளி பார்த்து ரசிப்பதற்கு இல்லை. அதைக் கொண்டு மற்றதையெல்லாம் பார்ப்பதற்கு.

ஜோதி என்ற எண்ணம் காதில் ஏற்கெனவே ஊறியவர்தான் தமிழ் வாசகர். மார்கழியில் திருவெம்பாவை "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதி" என்றுதான் தொடங்குகிறது. வடலூரில் வள்ளலார் அருட்பெருஞ்ஜோதி என்றார். கீழக்கரைப் பள்ளிவாசலில் ஓதப்படும் குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், அல்லாஹ் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி என்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். அது எந்த வீட்டுக்கும் மரியாதை ஆகாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியது. கிறிஸ்தவர்கள் சொல்வதில் தனியாக நிற்பது எது என்பதற்கு வருகிறேன்.

முகம் உள்ள ஒளி

கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுக்கும் முன்பு, வடக்கே அசீரியப் படை நாட்டை மிதித்துக்கொண்டிருந்த காலத்தில், எசாயா என்ற இறைவாக்கினர் "காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்" என்றார். அடுத்த சில வரிகளில் அந்தப் பேரொளி என்னவென்று சொல்கிறார். இடியோ மின்னலோ எரிகிற மலையோ இல்லை. "ஒரு குழந்தை நமக்குப் பிறந்துள்ளார்." கிறிஸ்துமஸ் நடுஇரவுப் பூசையில் இன்றைக்கும் முதலில் வாசிக்கப்படுவது இந்தப் பகுதிதான்.

யோவான் நற்செய்தியும் இயேசுவை ஒளி என்கிறது. அதன் 8ஆம் அதிகாரத்தில் இயேசுவே "உலகின் ஒளி நானே" என்கிறார். எங்கே நின்று சொன்னார் என்பதைக் கவனித்தால் இந்தச் சொல்லின் கனம் தெரியும். எருசலேமில் கூடாரப் பெருவிழாக் காலம். அந்த விழாவின் இரவுகளில் கோவிலின் பெண்கள் முற்றத்தில் உயரமான பொன் விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள் என்றும், அந்த வெளிச்சம் ஊர் முற்றங்களிலெல்லாம் விழும் என்றும் யூத மரபு நூலான மிஷ்னா சொல்கிறது. எகிப்திலிருந்து தப்பி வந்த முன்னோருக்குப் பாலைவனத்தில் இரவெல்லாம் நெருப்புத் தூணாக முன்னால் நடந்த கடவுளை நினைக்கும் விழா அது. அந்த முற்றத்தில் நின்றுகொண்டு, தச்சுவேலைக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் "ஒளி நான்தான், என் பின்னால் வா" என்கிறார். கேட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

தனியாக நிற்பது இதுதான். கிறிஸ்தவர்களுக்கு ஒளி ஒரு ஆள். அவருக்குப் பசித்தது, அழுதார், படகின் பின்பக்கம் தலையணையில் தலை வைத்துத் தூங்கினார், கடைசியில் கொல்லப்பட்டார். அவர் இறந்த மதியம் மூன்று மணி நேரம் நாடெங்கும் இருட்டியது என்று நற்செய்திகள் எழுதுகின்றன. ஒளி என்று நம்பப்பட்டவர் இருட்டுக்குள் இறந்தார் என்பதை மறைக்காமல் எழுதிவைத்த மதம் இது.

அவர் உண்மையில் கடவுளா, கடவுளால் படைக்கப்பட்டவர்களில் உயர்ந்தவரா என்ற சண்டை நாலாம் நூற்றாண்டில் முற்றியது. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு இரண்டாவதைச் சொன்னார். 325ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியிலுள்ள நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து எழுதிய நம்பிக்கை அறிக்கையில் ஒளியையே எடுத்துக்கொண்டார்கள்: "கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக." சூரியன் இருந்து கதிர் இல்லாத நேரம் ஒன்று இருந்ததா? இல்லை. கதிரைப் பிரித்துத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? முடியாது. தந்தையும் மகனும் அப்படி என்றார்கள். 2025-ல் அந்தச் சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நிசேயா அறிக்கையைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பாட்டிகள் அந்தப் பழைய வழக்கின் தீர்ப்பை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆரியுஸ் பேர் தெரியாமலேயே.

கிழக்குத் திருச்சபையில் இன்னொரு விவாதம் 14ஆம் நூற்றாண்டில் நடந்தது. கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைத் துறவிகள் செபத்தில் கண்டதாகச் சொன்ன ஒளி படைக்கப்படாத, கடவுளின் சொந்த ஒளியே என்று கிரகோரி பலமாஸ் என்ற துறவி வாதாடினார். 1341-லும் 1351-லும் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. இதைத் தொட்டுவிட்டு நகர்கிறேன். ஆரம்ப வாசகருக்கு இது ஆழ்கடல்.

பெரிய சனி இரவு

புத்தகத்தில் வாசிப்பதைவிட ஒரே ஒரு இரவு கோவிலில் நின்று பார்த்தால் இதெல்லாம் சட்டென்று பிடிபடும். இயேசுவின் மரணத்தை நினைக்கும் பெரிய வெள்ளிக்கு மறுநாள், ஈஸ்டருக்கு முந்தைய இரவு அது. கோவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். வெளியே மணல் முற்றத்தில் விறகை அடுக்கிப் புது நெருப்பு மூட்டுவார்கள். கடலோரத்தில் அதுவே ஒரு போராட்டம். காற்று ஒரு பக்கம் அணைக்கும், தீப்பொறி ஒரு பக்கம் சேலையில் விழும். பனை ஓலையைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள் நிற்பார்கள்.

சாமியார் ஓர் ஆள் இடுப்பு உயரப் பாஸ்கா திரியை, அதாவது ஈஸ்டர் மெழுகுதிரியை, எடுத்து, அதில் சிலுவையும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், அந்த ஆண்டின் நாலு இலக்கங்களும் கீறுவார். ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவையில் பதிப்பார். அவை கிறிஸ்துவின் ஐந்து காயங்கள். பிறகுதான் புது நெருப்பிலிருந்து திரி ஏற்றப்படும். காயத்தைப் பதித்த பிறகே சுடர். இந்த வரிசையை யாரும் மாற்றுவதில்லை.

இருட்டுக் கோவிலுக்குள் அந்த ஒற்றைத் திரி நுழையும். மூன்று முறை நின்று "கிறிஸ்துவின் ஒளி இதோ!" என்று பாடுவார்கள். அந்தத் திரியிலிருந்து பீடச் சிறுவர்கள், அவர்களிடமிருந்து முன் வரிசை, அங்கிருந்து அடுத்த வரிசை. காகிதக் குவளைக்குள் செருகிய திரியை உள்ளங்கையால் அணைத்தபடி ஒருவர் சாய்ப்பார், இன்னொருவர் தன் திரியை அதில் பிடிப்பார். அந்த நேரத்தில் யாரும் சுடரைப் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவர் முகம்தான் தெரியும், நெற்றி வேர்வை முதற்கொண்டு. எங்கள் பக்கம் படகுப் பங்கிலோ வீட்டு மனையிலோ தகராறாகி வருசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் எந்தக் கோவிலிலும் உண்டு. கூட்ட நெரிசலில் எவர் பக்கத்தில் எவர் நிற்பார் என்று சொல்ல முடியாது. "அண்ணே, திரியக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்காமல் தீராது. மேலே சொன்ன யோவானின் திருமுகத்துக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

கோவில் முழுக்கத் திரி எரிந்ததும் நீளமான ஒரு புகழுரை பாடப்படும். அதில் அந்த மெழுகைச் சேர்த்த தேனீக்களுக்குக்கூட ஒரு இடம் உண்டு. பிறகு வாசகங்கள். முதலாவது எது தெரியுமா? தொடக்க நூல் முதல் அதிகாரம், "ஒளி தோன்றுக!" அதன் பின் வரும் செங்கடல் வாசகத்தை எந்தக் கோவிலிலும் விடக்கூடாது என்பது ஒழுங்கு. இரவெல்லாம் மேகமும் நெருப்புமாக வழிகாட்டிய தூண் அதில்தான் வருகிறது. அன்றைக்குத் திருமுழுக்கு பெறுகிறவர்கள் இருந்தால் அவர்கள் கையிலும் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒரு திரி கொடுக்கப்படும். அந்தப் பெரிய திரி ஆண்டு முழுக்கக் கோவிலில் இருக்கும். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது எரியும், இறந்தவரின் பெட்டிக்குப் பக்கத்திலும் எரியும்.

ஒளி சங்கடப்படுத்தும்

ஒளி என்றாலே இதமானது, ஆறுதலானது என்று பாட்டுகளில் கேட்டுப் பழகிவிட்டோம். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. ஒளி உலகுக்கு வந்தது, மனிதர்களோ இருளையே விரும்பினார்கள் என்கிறது யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம். காரணத்தையும் சொல்கிறது: செய்வதெல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

தொடக்கத் திருச்சபை திருமுழுக்கை "ஒளியூட்டுதல்" என்று அழைத்தது. 2ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒளி பெறுவது என்றால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று யேசு சபைக் குரு ஜான் தே பிரிட்டோ தலை வெட்டிக் கொல்லப்பட்டார். போர்த்துக்கல்லில் பிறந்து, மறவர் நாட்டில் பண்டார சுவாமி என்ற துறவிக் கோலத்தில் நடந்து திரிந்த அவரை மக்கள் அருளானந்தர் என்றார்கள். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் உயிருக்கு உலை வைத்தது ஒரு திருமுழுக்கு. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி குடும்பத் தொடர்புடைய தடியத்தேவர் கிறிஸ்தவராக விரும்பினார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது நிபந்தனை. அவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு உடன்பிறந்தார் மகள் முறை. அவள் போய் முறையிட, விசயம் அரண்மனை வழக்கானது.

செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள ஓரியூருக்கு இன்றும் கூட்டம் வருகிறது. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். அருளானந்தரின் துணிவைப் பற்றிக் கேட்காத பிரசங்கம் இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் பக்கம் யாரும் போவதில்லை. வாழ வந்த வீட்டிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்த ஒளி எப்படித் தெரிந்திருக்கும்? தேவருக்குக் கிடைத்த வெளிச்சத்துக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். ஒளியில் நடப்பது என்று பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியையும் அந்த ஒளியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். புனிதரின் பெருமை இதனால் குறைந்துவிடாது.

எல்லா வெளிச்சமும் ஒன்றல்ல

கடலில் இரவு விளக்குப் போட்டு மீன் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. படகிலிருந்து பளீரென்று எல்.இ.டி. விளக்குகளைத் தண்ணீரை நோக்கி எரியவிட்டால் குஞ்சும் குருத்துமாகக் கணவாயும் மீனும் வெளிச்சத்தடியில் வந்து கூடும். அப்படியே வளைத்து அள்ளிவிடுவார்கள். கடல் வற்றிப்போகும் என்று நாட்டுப்படகுக்காரர்கள் எதிர்த்தார்கள். 2017-ல் ஒன்றிய அரசும் தடை போட்டது. திருட்டுத்தனமாக நடப்பதாகப் புகார் மட்டும் ஓயவில்லை. மீனுக்கு அது வெளிச்சம்தான். வலை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டாத வெளிச்சம்.

சாத்தானும் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் திருத்தூதர் பவுல் எச்சரிக்கிறார். செபக் கூட்டத்தில் எனக்கு ஒரு ஒளி தெரிந்தது, ஆண்டவர் இப்படிச் சொன்னார், ஆகவே காணிக்கை கொடு என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தை நினைத்துக்கொள்வது நல்லது. உன் கையில் இருப்பதை உனக்குக் காட்டுகிறதா, உன்னையே அள்ளிக்கொண்டு போகிறதா? கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியானால் காட்சி கண்டவர்களே இல்லையா? பவுலே கண்டார். கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வரத் தமஸ்குவுக்குப் போகும் வழியில் வானத்திலிருந்து ஒளி அவரைச் சூழ்ந்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். கண் திறந்திருந்தும் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. கையைப் பிடித்துத்தான் ஊருக்குள் கூட்டிப்போனார்கள். அவருக்குப் பயந்து நடுங்கிய அனனியா என்ற சீடர் வந்து, தலையில் கை வைத்து, பவுலின் இன்னொரு பெயரைச் சொல்லி "சகோதரர் சவுலே" என்று கூப்பிட்ட பிறகுதான் பார்வை திரும்பியது. பேரொளி அவரை வித்தைக்காரர் ஆக்கவில்லை, எதிரி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

மலைமேல் இயேசு தோற்றம் மாறிய கதையும் இதே வழியில்தான் போகிறது. மத்தேயு 17ஆம் அதிகாரம்: முகம் கதிரவனைப் போல், ஆடை ஒளியைப் போல். பேதுருவுக்கு இறங்க மனமில்லை, மூன்று கூடாரம் போட்டுவிடலாம் என்கிறார். அதற்குள் எல்லாம் மறைந்து இயேசு மட்டும் நிற்கிறார். கீழே இறங்கினால் வலிப்பு வந்து துடிக்கும் மகனோடு ஒரு தகப்பன் காத்திருக்கிறான். ஆகஸ்ட் 6-ல் இந்த விழா வருகிறது. மலை உச்சியைப் பற்றிய பிரசங்கம்தான் அன்று அதிகம். அடிவாரத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இருள் போகவில்லை

யோவான் நற்செய்தியின் முன்னுரை ஒளி இருளில் ஒளிர்ந்தது என்கிறது. இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை என்கிறது. இருள் ஒழிந்துபோனது என்று சொல்லவில்லை. எங்கள் கரைக்கு இது நன்றாகவே புரியும். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயின, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு சேர்த்து. அதற்கு இரண்டாம் இரவு கிறிஸ்துமஸ். இடிந்த கோவிலின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சங்கு மாலை விற்கிறவர்களுக்கும் செல்பி எடுக்கிறவர்களுக்கும் நடுவில். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற வாசகத்தை, அந்தப் புயலில் ஆளை இழந்த குடும்பங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்கின்றன. கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போன ஆட்களின் வீட்டுப் பெண்கள் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் முன்னால் ஏற்றும் திரியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதை லஞ்சம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். சில பேர் அந்த எண்ணத்தில் ஏற்றுவதும் உண்டு, இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் பல மாதம் பதில் வராமலும் அந்தத் தட்டில் திரி குறைவதில்லை. பேரம் என்றால் எப்போதோ நின்றிருக்கும்.

செபத்திலேயே இருட்டு வருவதும் உண்டு. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சிலுவை யோவான் என்ற கார்மெல் துறவியைச் சீர்திருத்தத் தகராறில் அவர் சபைக்காரர்களே தொலேதோவில் சின்ன அறையில் மாதக்கணக்காக அடைத்துவைத்தார்கள். 1578-ல் தப்பினார். ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதியவர் அவர். கடவுளின் ஒளி அளவுக்கு மீறி நெருங்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஆந்தைக்குக் கண் தெரியாததுபோல மனிதருக்கு அது இருட்டாகத்தான் தெரியும் என்றார். நம் காலத்தில் அன்னை தெரசா. அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து 2007-ல் வெளிவந்த கடிதங்களில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கடவுள் தன்னோடு இருப்பதையே உணராமல் இருந்ததாக எழுதியிருந்தார். தான் புனிதரானால் இருளின் புனிதராகத்தான் இருப்பேன் என்றும் எழுதினார். நம்பிக்கையே இல்லாமல் நடித்தார் என்று அன்றைக்குச் சிலர் எழுதினார்கள். அவர் அந்த ஐம்பது ஆண்டும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்த்தால் போதும். தெருவில் கிடந்த ஆட்களை அவர் கண்டார், மற்றவர்கள் காணவில்லை. ஒளி அவருக்குத் தெரியவில்லை, ஆட்கள் தெரிந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மூலத்தைத் தொட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். 41 வசனம்தான். பிறவியிலேயே பார்வை இல்லாத பிச்சைக்காரர் ஒருவருக்குப் பார்வை கிடைக்கிறது. ஊரே சந்தோசப்பட வேண்டிய இடத்தில் விசாரணை நடக்கிறது. பெற்றவர்கள் பயந்து நழுவுகிறார்கள். பெரியவர்கள் மிரட்ட, அந்த ஆள் விட்டுக்கொடுக்காமல் எகத்தாளமாகப் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். விவிலியத்திலேயே சிரிப்பு வருகிற இடங்களில் அது ஒன்று. முடிவில் பார்வை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது.

பார்க்கவே வேண்டும் என்றால் அடுத்த பெரிய சனி இரவு எந்தக் கடலோரக் கோவிலுக்கும் வரலாம், என்ன சாதி மதம் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. பூசை முடிய நடுஇரவு தாண்டும். திரி கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். புதுச் சட்டை மட்டும் வேண்டாம். மெழுகு சொட்டினால் போகாது.